மெடிக்கல் கைக்கு வருமுன் மாமாவின் காசு வர வேண்டாம்

கேள்வி: எனக்கு 19 வயது. ஊர் சுன்னாகம். உயர்தரம் கணிதப் பிரிவில், தமிழ் மொழி மூலம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். பலாலிக்கு இறங்கும் விமானத்தின் சத்தம் கேட்டால் இன்றும் முற்றத்துக்கு ஓடி வருவேன்; விமானியாக வரவேண்டும் என்பதுதான் ஆசை. யாழ்ப்பாணத்தில் ஒரு முகவர், இந்த மாதத்துக்குள் முழுக் கட்டணத்தையும் கட்டினால் கழிவு தருவதாகவும் 12 மாதத்தில் லைசன்ஸ், பிறகு வேலை உத்தரவாதம் என்றும் சொல்கிறார். செலவைப் பொறுப்பேற்கும் மாமா கனடாவில் இருக்கிறார்; அங்கே வந்து படி என்கிறார். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.75 கண்ணாடி. ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், பேசப் பயம். உயரம் 5 அடி 1 அங்குலம். நான் எங்கே, எதிலிருந்து தொடங்குவது?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் காசு முன்னுக்கும் கண் பின்னுக்கும் வந்திருக்கிறது. வேலையைத் தொடங்கும்போது அந்த ஒழுங்கை அப்படியே மாற்றிப் போடுங்கள். இந்தத் துறையில் பெரும் தொகையைப் பறிகொடுத்த பிள்ளைகளில் அநேகர் கெட்டித்தனம் குறைந்ததால் இழக்கவில்லை. கடைசியாகச் செய்திருக்க வேண்டிய கொடுப்பனவை முதலாவதாகச் செய்ததால் இழந்தார்கள்.

முதலாவது வேலை, மெடிக்கல் என்று சொல்லும் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் எவருக்கும் இது வேண்டும். தனியார் விமானி லைசன்ஸுக்கு இரண்டாம் வகுப்பு போதும். குழி இருப்பது இந்த இடத்தில்தான். “இப்போது இரண்டாம் வகுப்பை எடுத்துவிட்டு வகுப்பைத் தொடங்குங்கோ, மற்றதைப் பிறகு பார்ப்போம்” என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. 40, 50 மணித்தியாலம் பறந்து காசும் கரைந்த பிறகு முதலாம் வகுப்புக்குப் போய், நிறப் பார்வையில் தவறினால் அந்தப் பணம் திரும்பி வராது. ஆகவே ஆரம்பத்திலேயே முதலாம் வகுப்பைக் கேட்டு எடுங்கள். சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த விமான மருத்துவப் பரிசோதகர் கொடுக்கும் சான்று மட்டும்தான் செல்லும். குடும்ப டொக்டரின் கடிதமோ, ஆஸ்பத்திரியின் பொதுச் சான்றோ அதற்கு ஈடாகாது.

மைனஸ் 1.75 பற்றிப் பயப்படத் தேவையில்லை. ஐக்கோ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வைத்திருக்கும் அளவு இது: கண்ணாடியோடு பார்த்தாலும் சரி, ஒவ்வொரு கண்ணும் தனியே 6/9, இரண்டும் சேர்ந்து 6/6. இலங்கையின் விதிகளும் ஐக்கோவின் தரங்களைத் தழுவியவைதான். கண்ணாடி போட்டுத் தேறினால் சான்றில் “பறக்கும்போது கண்ணாடி அணிய வேண்டும், மேலதிகச் சோடி ஒன்று கையோடு இருக்க வேண்டும்” என்று ஒரு நிபந்தனை எழுதுவார்கள். அவ்வளவுதான். ஆனால் யாரோ சொன்னார்கள் என்று இப்போதே ஓடிப்போய் லேசர் சிகிச்சை செய்துவிடாதீர்கள். அது இந்தப் பவருக்கு அவசியமில்லை. செய்தால் பார்வை நிலைக்கும்வரை காத்திருக்கவும், அதை நிரூபிக்கும் அறிக்கைகள் கொடுக்கவும் வேண்டிவரும்.

நான் கவலைப்படுவது நிறப் பார்வையைப் பற்றித்தான். புள்ளிகளுக்குள் இலக்கம் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தை வைத்துப் பார்ப்பார்கள். சிவப்பு, பச்சைக் குறைபாடு பெண்களில் மிக அரிது என்றாலும், 10 நிமிட வேலையை ஊகத்தில் விடக்கூடாது. அந்தப் பரிசோதகரிடம் போகக் கொழும்புக்குப் பஸ் ஏற முதல் யாழ்ப்பாணத்திலேயே ஒரு கண் வைத்தியரிடம் இஷிஹாராவும், செவிப் பரிசோதனை செய்யும் இடத்தில் ஒரு ஓடியோகிராமும் எடுத்துப் பாருங்கள். 500, 1000, 2000 ஹேர்ட்ஸில் எந்தக் காதிலும் 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருக்கக்கூடாது. 3000 ஹேர்ட்ஸில் 50 வரை விடுவார்கள். இந்த இரண்டும் ஊரிலே சரியாக இருந்தால் கொழும்புப் பயணம் பெரும்பாலும் வீணாகாது. பரிசோதனைக்குப் போகும்போது கண்ணாடிக்கான பழைய பிரிஸ்கிரிப்ஷன்களையும் கொண்டு போங்கள். பவர் இரண்டு மூன்று வருடமாக நிலையாக இருக்கிறதென்று காட்ட உதவும். சின்ன வயதில் முட்டு இழுப்பு இருந்ததா, வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டு மயங்கினதா என்று படிவத்தில் கேட்பார்கள். உண்மையை எழுதுங்கள். சொன்ன வருத்தத்துக்கு மேலதிகப் பரிசோதனை கேட்பார்கள், பல வேளைகளில் சான்றும் கிடைக்கும். மறைத்த வருத்தம் பின்னர் வெளியே வந்தால் லைசன்ஸே போகும்.

இனி முகவர் சொன்ன 12 மாதம். வணிக விமானி லைசன்ஸுக்கு ஐக்கோவின் ஆகக்குறைந்த அளவு 200 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பாடநெறியாக இருந்தால் 150. மாதத்துக்கு 17 மணித்தியாலம் பறந்தால் கணக்குப்படி 12 மாதத்தில் 200 வரத்தான் செய்யும். ஆனால் வானத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது. கொழும்புக்குப் பக்கத்தில் பறப்புப் பள்ளிகள் இருக்கும் இரத்மலானையில் மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவத்தின் முகிலும் மழையும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடிமுகில் எழும்பும்; காலையில் மட்டும்தான் நிம்மதியாகப் பறக்கலாம். ஒவ்வொரு 50 மணித்தியாலத்துக்கும் 100 மணித்தியாலத்துக்கும் விமானம் பராமரிப்புக்குள் போகும். உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமென்றால் வாரக்கணக்கில் கொட்டகையிலேயே நிற்கும். எழுத்துப் பரீட்சைகள் வேறு. 18 முதல் 24 மாதம் என்று மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அதற்கு முதல் முடிந்தால் சந்தோசம்.

பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வி “எத்தனை விமானம் இருக்கிறது” என்பதல்ல. “இன்று காலை எத்தனை பறக்கக்கூடிய நிலையில் நிற்கிறது, அதற்கு எத்தனை மாணவர், எத்தனை பயிற்றுநர்” என்று கேளுங்கள். மூன்று விமானத்துக்கு 40 மாணவர் என்றால் உங்கள் முறை எப்போது வருமென்று நீங்களே கணக்குப் போடலாம். அங்கே இப்போது படிக்கிற இரண்டு பிள்ளைகளோடு வாசலுக்கு வெளியே நின்று கதையுங்கள். கடைசி மூன்று மாதத்தில் எத்தனை மணித்தியாலம் பறந்தார்கள் என்று அவர்களுடைய பறப்புப் பதிவேட்டில் காட்டச் சொல்லுங்கள். பள்ளியின் பயிற்சி அனுமதி நடப்பில் இருக்கிறதா என்பதை அதிகாரசபையிடமே விசாரித்து உறுதிப்படுத்துங்கள், முகவரின் கைத்தொலைபேசியில் காட்டும் படத்தில் அல்ல.

“வேலை உத்தரவாதம்” என்ற சொல்லுக்கு எந்த விமான நிறுவனம், எந்த வருடம், எந்த நிபந்தனையில் என்று நிறுவனத்தின் கடிதத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். முகவரால் அது முடியாது. விமானிகளை எடுப்பதும் விடுவதும் விமான நிறுவனம். தன்னுடைய தேவைக்கு ஏற்றபடி, தன்னுடைய பரீட்சை வைத்துத்தான் எடுக்கும். உத்தரவாதம் என்று விற்பவரிடம் ஒரு சதமும் கட்ட வேண்டாம் என்பது என்னுடைய உறுதியான கருத்து.

கட்டணத்தைப் படிப்படியாகக் கட்டும் ஏற்பாடு இருக்கிற பள்ளியையே தெரிவு செய்யுங்கள். முன்கூட்டியே கட்டத்தான் வேண்டுமென்றால் 10 மணித்தியாலக் கட்டாகக் கட்டுங்கள், அது முடிந்ததும் அடுத்தது. முழுக்கக் கட்டிவிட்ட மாணவர் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுவதும், பள்ளி மூடப்பட்டால் கடன்காரர் வரிசையில் கடைசி ஆளாக நிற்பதும் பல நாடுகளில் நடந்தவை. முகவர் தரும் கழிவு அந்த ஆபத்துக்கு ஈடாகாது. ஒப்பந்தத்தில் நான்கு விடயம் எழுத்தில் வேண்டும். மணித்தியாலம் எஞ்சின் ஓடத் தொடங்கியதிலிருந்தா, சக்கரம் நிலத்தை விட்டதிலிருந்தா கணக்கிடப்படும். எரிபொருள் விலை ஏறினால் யார் தலையில். இறங்கு கட்டணம், பரீட்சகர் கட்டணம், தவறினால் மறுபரீட்சைக் கட்டணம் உள்ளடங்குமா. இடையில் விட்டால் பறக்காத மணித்தியாலத்துக்குப் பணம் எத்தனை நாளில் திரும்பும். கட்டணம் டொலரிலா ரூபாவிலா என்பதையும் பாருங்கள். 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறினபோது நடுவழியில் நின்ற படிப்புகள் கொஞ்சமல்ல. மாமா டொலரில் அனுப்புவதால் உங்களுக்கு அந்தப் பயம் குறைவு.

200 என்ற தொகையைவிட அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்பது முக்கியம். தலைமை விமானியாக, அதாவது நீங்களே பொறுப்பாளியாக 100 மணித்தியாலம். ஒருங்கிணைந்த பாடநெறியில் 70. அதற்குள் தொலைதூரப் பறப்பு 20 மணித்தியாலம். அதிலும் ஒன்று 300 கடல்மைலுக்குக் குறையாமல், அதாவது 540 கிலோமீற்றர், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி முற்றாக நின்று எழும்பியதாக இருக்க வேண்டும். கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி 10 மணித்தியாலம். இரவில் பறக்கும் உரிமைக்கு 5. மொத்தம் 203 ஆகிவிட்டது என்று விண்ணப்பத்தைக் கொண்டு போனபின், தலைமை விமானி நேரம் 91 தான் என்று திருப்பி அனுப்பப்படுவது வழமையாக நடக்கும் பிழை. பயிற்றுநரோடு பறந்த நேரத்தை இந்தக் கணக்கில் போட முடியாது. ஒவ்வொரு மாத முடிவிலும் பதிவேட்டின் நிரல்களைத் தனித்தனியே கூட்டுங்கள், இன்னும் எதில் எவ்வளவு குறைவு என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பதிவை மையால் எழுதி, பயிற்றுநரின் ஒப்பத்தை அன்றன்றே வாங்கி, பக்கத்தைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வெளிநாடு போய்விட்ட பயிற்றுநரிடம் இரண்டு வருடம் கழித்து ஒப்பம் வாங்குவது லேசான காரியமில்லை.

கனடாவைப் பற்றி. அங்கேயும் வணிக லைசன்ஸுக்கு 200 மணித்தியாலம், 100 தலைமை விமானியாக. பயிற்சி தரமானது, விமானங்களும் அதிகம். ஆனால் இரண்டு விடயத்தை மாமாவோடு கதையுங்கள். படிக்கும் விசாவும் வேலை செய்யும் உரிமையும் வெவ்வேறு. லைசன்ஸ் இருப்பதால் மட்டும் அங்கே வேலைக்கு எடுக்க மாட்டார்கள். இலங்கைக்குத் திரும்பினால் அந்த லைசன்ஸை இங்கே மாற்ற வேண்டும், அதற்கு மருத்துவம், விமானச் சட்டப் பரீட்சை, பறப்புச் சோதனை, நேரம், கட்டணம் எல்லாம் மறுபடி உண்டு. எந்த நாட்டில் உழைக்கப் போகிறீர்களோ அந்த நாட்டு லைசன்ஸை அந்த நாட்டிலேயே எடுப்பதுதான் சிக்கனம். நிரந்தரமாகக் கனடாவில் இருப்பதற்கு உறுதியான வழி இல்லையென்றால் இரத்மலானையில் தொடங்குங்கள். கனடாவே என்று முடிவெடுத்தால் அந்த நாட்டின் முதலாம் தர மருத்துவத்தைக் கட்டணத்துக்கு முன்னர் முடியுங்கள்; இங்கே எடுத்தது அங்கே பயன்படாது.

ஆங்கிலப் பயத்துக்கு வருகிறேன். ஐக்கோ கேட்பது நான்காம் நிலை. உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், விளங்கிக்கொள்ளல், பரிமாற்றம் என்ற ஆறையும் தனித்தனியே மதிப்பிடுவார்கள். ஆறிலும் மிகக் குறைந்ததுதான் உங்கள் நிலை. ஐந்தில் ஆறாம் நிலை எடுத்து விளங்கிக்கொள்ளலில் மூன்று வந்தால் மூன்றுதான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இலக்கணத்தில் விழுவதில்லை, காதில்தான் விழுவார்கள். இரைச்சலுக்குள், வேகமாக, அறியாத உச்சரிப்பில் வரும் வாக்கியத்தைப் பிடிக்கப் பழக வேண்டும். நான்காம் நிலைக்கு மூன்று வருடம், ஐந்தாம் நிலைக்கு ஆறு வருடம் செல்லுபடி. ஆறாம் நிலை வந்தால் மறுபடி எழுதத் தேவையில்லை.

வானொலிப் பேச்சு இதைவிட இலகு, ஏனென்றால் அதற்கென்று கட்டுப்பட்ட சொற்றொகுதி உண்டு. இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பதினைந்தா ஐம்பதா என்ற மயக்கம் வராமல் இருக்க “வன் ஃபைஃப்”, “ஃபைஃப் சீரோ” என்பார்கள். மூன்றுக்கு “ட்ரீ”, ஒன்பதுக்கு “நைனர்”. இலங்கை விமானங்களின் பதிவு 4ஆர் என்று தொடங்கும். உங்கள் விமானத்தின் பெயரை “ஃபோர் றோமியோ” என்று தொடங்கிச் சொல்லி, ஓடுபாதை இலக்கம், காற்றழுத்த அளவு, உயரம் ஆகியவற்றைக் கட்டுப்பாட்டாளர் சொன்னபடி திருப்பிச் சொல்ல வேண்டும். “றோஜர்” என்று மட்டும் சொல்லி முடிப்பது மாணவர் செய்யும் முதல் பிழை. கேட்டேன் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், சரியாகக் கேட்டீர்களா என்பது அவருக்குத் தெரியாது. இன்றிலிருந்தே வீதியில் போகும் வாகன இலக்கத் தகடுகளை இந்த முறையில் வாய்விட்டு வாசியுங்கள். இரண்டு மாதத்தில் நாக்கு திரும்பும்.

உயர்தரத்தில் படித்தது வீணாகாது. இணைந்த கணிதத்தில் சார்பு வேகம் செய்தீர்களே, வழிச்செலுத்தல் முழுக்க அந்த முக்கோணம்தான். ஒரு கணக்கைப் பாருங்கள். இரத்மலானையிலிருந்து பலாலி சுமார் 178 கடல்மைல், கிட்டத்தட்ட நேர் வடக்கு. இரண்டு பேர் ஏறும் பயிற்சி விமானமான செஸ்னா 152 காற்றில் 95 நொட், அதாவது மணித்தியாலத்துக்கு 95 கடல்மைல் போகிறது. தென்மேல் காற்றான சோளகம் 230 பாகையிலிருந்து 20 நொட் வீசுகிறது. காற்று இடப்பக்கத்திலிருந்து 15 நொட்டாகத் தள்ளும், பின்னாலிருந்து 13 நொட் உதவும். நேரே வடக்கே போக வேண்டுமென்றால் மூக்கை 9 பாகை இடப்பக்கம், அதாவது திசைகாட்டியில் 351 பாகையில் வைக்க வேண்டும். நிலத்தின் மேல் வேகம் 107 நொட்; பலாலிக்கு 1 மணி 40 நிமிடம். திரும்பி வரும்போது அதே காற்று முன்னுக்கு வரும். வேகம் 81 நொட், நேரம் 2 மணி 12 நிமிடம். போகும்போது கிடைத்த உதவி வரும்போது எடுக்கப்படுவதோடு முடிவதில்லை. காற்றே இல்லாத நாளைவிட மொத்தம் 7 நிமிடம் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் மெதுவாகப் போகும் பகுதியில்தான் அதிக நேரம் இருக்கிறீர்கள்.

இப்போது பெற்றோலைப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு சுமார் 23 லீற்றர். 3 மணி 52 நிமிடத்துக்கு 89 லீற்றர். அந்த விமானத்தின் சாதாரணத் தாங்கியில் பாவிக்கக்கூடியது 92 லீற்றர்தான். பகலில் கையிருப்பாக 30 நிமிடத்துக்கு இன்னும் 12 லீற்றர் வேண்டும். ஆகவே இடையில் நிரப்பாமல் போய்வர முடியாது. போகும் இடத்தில் விமானப் பெற்றோல் கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். பரீட்சையில் இந்தக் கணக்கைச் சரியாகச் செய்த பிள்ளை நேரில் கேட்க மறப்பதுதான் ஆபத்து.

நிறையும் அப்படித்தான். செஸ்னா 152 எழும்பக்கூடிய ஆகக்கூடிய நிறை 757 கிலோ. வெற்று நிறை 520 என்றால் 237 மிச்சம். தாங்கி நிரம்பினால் 92 லீற்றரும் ஏறத்தாழ 66 கிலோ. மீதி 171 இல் இரண்டு பேரும் பையும். பயிற்றுநர் 95 கிலோ என்றால் உங்களுக்கும் பைக்கும் 76. எங்கள் வெயிலில் இது இன்னும் இறுகும். கடல்மட்டத்தில் 32 பாகை வெப்பம் என்றால் தரநிலையான 15 பாகையைவிட 17 கூட. ஒரு பாகைக்கு 120 அடி வீதம், விமானம் 2000 அடி உயரத்தில் நிற்பதுபோலத்தான் உணரும். ஓடும் தூரம் நீளும், ஏறும் வேகம் குறையும்.

பறக்கும் முன் செய்யும் ஒரு பரிசோதனையை விரிவாகச் சொல்கிறேன், பார்த்துப் பழக. இறக்கை ஒவ்வொன்றின் கீழும், எஞ்சின் மூடியின் அடியிலும் வடிகால் முனை உண்டு. தெளிவான சிறு குவளையை அதில் அழுத்தினால் பெற்றோல் வடியும். 100 எல்.எல். பெற்றோல் மெல்லிய நீலம். தண்ணீர் இருந்தால் அடியில் நிறமற்ற குமிழாகக் கிடக்கும். மழை இரவுக்குப் பிறகும், அரைத் தாங்கியோடு நின்ற விமானத்திலும் கட்டாயம் எதிர்பாருங்கள். மாணவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குவளை முழுக்கவே தண்ணீர் என்றால் பிரிகோடு தெரியாது, எல்லாம் ஒரே மாதிரித் தெளிவாக இருக்கும், “சுத்தம்” என்று ஊற்றிவிடுவார்கள். ஆகவே குவளையை வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்து நீலம் இருக்கிறதா என்று பாருங்கள், மணந்தும் பாருங்கள்.

இன்னொன்று, காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றருக்குள் பிடிக்கும் ஐஸ். 30 பாகை வெக்கையில் ஐஸா என்று கேட்பீர்கள். ஈரக்காற்று காபரேற்றரின் ஒடுங்கிய வழியால் போகும்போதும், பெற்றோல் ஆவியாகும்போதும் வெப்பநிலை 20 பாகைக்கு மேலாக விழும். எஞ்சின் வலுவைக் குறைத்து இறங்கும்போது இது மோசம். இலங்கையின் ஈரப்பதத்துக்கு இது உண்மையான ஆபத்து. வலுவைக் குறைக்க முதல் காபரேற்றர் சூடேற்றியை முழுக்க இழுக்க வேண்டும். ஐஸ் இருந்தால் இழுத்ததும் எஞ்சின் தடுமாறி, சுழற்சி இன்னும் விழும். உருகின தண்ணீர் உள்ளே போகிறது என்பதே காரணம். பயந்து சூட்டை மூடிவிடுவதுதான் பிழை. இழுத்தபடியே விட்டுவிடுங்கள், சில விநாடியில் சுழற்சி பழையபடி ஏறும்.

தை மாதம் வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழா பார்த்திருப்பீர்கள். முச்சை சரியாகக் கட்டாத பட்டம் மூக்கை அதிகம் தூக்கி, ஆடி, குத்தி விழும். இறக்கைக்கும் அதேதான். காற்று படும் கோணம் ஓரளவுக்கு மேல் போனால், வேகம் எவ்வளவாக இருந்தாலும் தூக்கும் விசை அறுந்துவிடும். மீளும் வழி மூக்கைத் தாழ்த்துவது. உடம்பு இழுக்கச் சொல்லும், கை தள்ள வேண்டும். இதைப் பயிற்றுநரோடு பல தடவை செய்து பழகுவீர்கள்.

காசை மிச்சப்படுத்தும் வழி ஒன்று உண்டு, அது முழுக்க உங்கள் கையில். விமானத்தின் கருவிப் பலகைப் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே கதிரையில் இருந்து ஒவ்வொரு பாடத்தையும் வாய்விட்டுச் சொல்லிக் கையால் தொட்டுப் பழகுங்கள். ஓடுபாதையைச் சுற்றும் பயிற்சியில் ஒரு மணித்தியாலத்துக்கு எட்டுச் சுற்றளவுதான் கிடைக்கும். அதில் பாதியைச் சரிபார்ப்புப் பட்டியலைத் தேடுவதில் செலவழித்தால் அந்தக் காசு போனதுதான். வாரத்துக்கு மூன்று தடவை பறப்பவர் முன்னேறுவார். இரண்டு வாரம் இடைவெளி விட்டால் முதல் ஒரு மணித்தியாலம் பழையதை மீட்கவே போகும். ஆகவே காசு பாதி சேர்ந்ததும் தொடங்கி இடையில் நிறுத்துவதைவிட, கொஞ்சம் பிந்தி முழுக் காசோடு தொடங்குவது மலிவு.

லைசன்ஸ் கிடைத்ததும் வேலை காத்திருக்காது. விமான நிறுவனத்துக்குப் போக, கருவிப் பறப்புத் தகைமை வேண்டும். அதற்குத் தலைமை விமானியாக 50 மணித்தியாலத் தொலைதூரப் பறப்பும், 40 மணித்தியாலக் கருவிப் பயிற்சியும். பல எஞ்சின் தகைமையும் வேண்டும். அதன் பிறகு ஏ.டி.ஆர். அல்லது ஏர்பஸ் ஏ320 போன்ற ஒரு குறித்த விமானத்துக்கான தகைமை. அது தனிச் செலவு, பெரிய செலவு. அதை உங்கள் காசில் முன்கூட்டியே எடுக்காதீர்கள். எந்த நிறுவனம் எந்த விமானத்துக்கு எடுக்கிறது என்று தெரிந்த பிறகு எடுங்கள். கப்டனாவதற்கான லைசன்ஸுக்கு 21 வயதும் 1500 மணித்தியாலமும். 200 க்கும் 1500 க்கும் இடையில் பயிற்றுநராகப் பறந்து மணித்தியாலம் சேர்ப்பவர்கள் அநேகர். அது தோல்வியில்லை, நல்ல விமானியாகும் வழியும்கூட.

உயர்தர முடிவு வந்து பொறியியல் பீடத்துக்கு இடம் கிடைத்தால், என் கருத்தில் அதை விடக்கூடாது. பல விமானிகள் சேர்ந்து இயக்கும் வணிக விமானத்தில் 65 வயது வரை பறக்கலாம். நான்கு வருடம் பிந்துவதால் இழப்பது குறைவு. விமானத்துறை சுருங்கும் காலங்களில், 2020 இல் கொரோனாவோடு நடந்ததுபோல, லைசன்ஸ் மட்டும் வைத்திருக்கும் பிள்ளைக்குச் சாப்பாடு போட வேறொன்று கையில் வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை, மெடிக்கலுக்கு நேரம் எடுங்கள்.

உயரம். ஐக்கோ உயரத்துக்கு அளவு வைக்கவில்லை. 5 அடி 1 அங்குலம் போதும். ஆனால் சேர்வதற்கு முதல் ஒரு தடவை பள்ளியின் விமானத்தில் ஏறி இருந்து பார்க்கக் கேளுங்கள். இரண்டு பாத மிதியையும் முழுக்க அழுத்தி, மிதியின் மேல்பகுதியில் உள்ள பிரேக்கும் எட்ட வேண்டும்; கருவிப் பலகைக்கு மேலால் அடிவானம் தெரிய வேண்டும். எட்டாவிட்டால் முதுகுக்கும் கீழுக்கும் மெத்தை வைப்பார்கள். அமுங்கும் பஞ்சு வேண்டாம், இறுக்கமானதாகவும் ஒவ்வொரு நாளும் ஒன்றே ஆகவும் இருக்கட்டும். இருக்கும் உயரம் மாறினால் இறங்கும்போது கண் பிடிக்கும் உயரமும் மாறிவிடும். நீங்கள் ஆசனத்தை முன்னுக்கு இழுத்தே பறப்பீர்கள் என்பதால் கடைசியாக ஒன்று: செஸ்னாவின் ஆசனம் தண்டவாளத்தில் நகரும், ஊசி ஒன்று துளைக்குள் விழுந்து பூட்டும். ஊசி பாதி மட்டும் விழுந்திருந்தால் எழும்பும் வேகத்தில் ஆசனம் பின்னுக்கு ஓடும், கையில் பிடித்திருக்கும் சுக்கானும் கூடவே பின்னுக்கு வரும், மூக்கு மேலே எகிறும். எஞ்சினை இயக்க முதல் ஆசனத்தை உடம்பால் முன்னும் பின்னும் உலுக்கிப் பாருங்கள், ஊசி விழுந்த “டிக்” சத்தம் காதில் கேட்க வேண்டும்.